கடலோர ஊரில் குடியேறலாமா?

மனை மலிவு, காற்று இலவசம்! ஆனால் மலிவில் மூன்று வகை உண்டு. எதை நம்பலாம்? எதை விட்டு விலக வேண்டும்?

தை மாதம். காலை 7 மணி.

தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒரு கணவரும் மனைவியும் நிற்கிறார்கள். வெயில் இன்னும் ஏறவில்லை. அலைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. பக்கத்தில் பழைய டேனிஷ் கோட்டை நிற்கிறது. காற்று சிலுசிலு என்று வீசுகிறது.

இப்படி ஒரு தம்பதியை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். கணவருக்கு வயது 60. சென்னையில் குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் இருப்பது 20 லட்சம் ரூபாய். அது ஒரு ஆயுள் முழுவதும் சேர்த்த பணம்.

"இங்கேயே ஒரு மனை வாங்கி, சின்னதாக ஒரு வீடு கட்டி இருந்து விடலாமா?" என்கிறார் கணவர்.

மனைவி உடனே தலையாட்டவில்லை.

"ஏங்க! இவ்வளவு நல்ல ஊரில் மனை ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி! இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகுதான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

ஏன் இந்த ஆசை?

நகரத்தில் வாடகை ஏறிக்கொண்டே போகிறது. தெருவில் வண்டிச் சத்தம். பிள்ளைகள் வேலைக்காக வெளியூர், வெளிநாடு என்று போய்விடுகிறார்கள். பெற்றோருக்கு நகரத்தில் என்ன வேலை?

கொரோனா பரவிய 2020-ம் ஆண்டுக்குப் பிறகு இன்னொரு மாறுதலும் வந்தது. வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை செய்யலாம் என்ற நிலை பலருக்கு ஏற்பட்டது. "எங்கே இருந்தால் என்ன? அமைதியான ஊருக்குப் போவோமே!" என்று இளைஞர்களும் நினைக்கத் தொடங்கினார்கள்.

தமிழ்நாட்டின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம். திருவள்ளூரில் இருந்து கன்னியாகுமரி வரை 14 மாவட்டங்கள் கடலைத் தொட்டுக்கொண்டு இருக்கின்றன. சிறிய ஊர்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் எல்லா ஊரும் ஒன்று அல்ல. மலிவும் ஒன்று அல்ல.

ஊர் எப்படி அமைதி ஆனது?

இன்று அமைதியாக இருக்கும் கடலோர ஊர்களில் பல, ஒரு காலத்தில் ஆரவாரமாக இருந்தவை. கப்பல் வந்த இடங்கள். வியாபாரம் நடந்த இடங்கள். வியாபாரம் போனது, அமைதி வந்தது.

தரங்கம்பாடியையே பாருங்கள்.

1620-ம் ஆண்டு டென்மார்க் நாட்டுக்காரர்கள் அங்கே வந்தார்கள். தஞ்சாவூர் நாயக்க மன்னரிடம் அனுமதி வாங்கிக் கோட்டை கட்டினார்கள். 1706-ம் ஆண்டு பாதிரியார் சீகன்பால்க் வந்து இறங்கினார். அவர் காலத்தில் அங்கே அச்சுக்கூடம் அமைந்தது. தமிழ்ப் புத்தகங்கள் அச்சாயின.

1845-ம் ஆண்டு டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். ஆங்கிலேயருக்கு நாகப்பட்டினம் துறைமுகம் இருந்தது. 1861-ம் ஆண்டு வாக்கில் நாகப்பட்டினத்தில் இருந்து ரெயிலும் ஓடத் தொடங்கியது. வியாபாரம் அங்கே போய்விட்டது.

பிற்பாடு 1926-ம் ஆண்டு தரங்கம்பாடிக்கும் ரெயில் வந்தது. மாயவரத்தில் இருந்து, அதாவது இன்றைய மயிலாடுதுறையில் இருந்து, சுமார் 30 கிலோமீட்டர். அந்த ரெயிலும் 1986-ம் ஆண்டு நின்றுபோனது.

கப்பல் இல்லை. ரெயில் இல்லை. பெரிய தொழிற்சாலை இல்லை. வேலை தேடுகிறவர்கள் வெளியே போகிறார்கள். வெளியே போகிறவர்கள் அதிகம் ஆனால் வீடும் மனையும் மலிவாகும். மனைவி கேட்ட கேள்விக்கு முதல் பதில் இதுதான்.

முதல் வகை மலிவு

வேலை இல்லாததால் வரும் மலிவு, முதல் வகை.

இது ஓய்வு பெற்றவருக்கு நல்ல மலிவு. பென்ஷன் வாங்குகிறவருக்கு ஊரில் தொழிற்சாலை இல்லாவிட்டால் என்ன? ஊரில் வேலை கிடைக்காதது இளைஞனுக்குக் கஷ்டம், பெரியவருக்கு லாபம்.

வாடகை குறைவு. பக்கத்துக் கிராமத்தில் இருந்து கீரையும் காயும் வரும். மீன் கரையிலேயே கிடைக்கும்.

மீனிலும் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அது மீன்கள் பெருகும் காலம் என்பதால் இந்தத் தடை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. அந்த நாட்களில் மீன் வரத்து குறையும், விலை ஏறும். கடலோரத்திலும் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் காலம் உண்டு!

இந்த முதல் வகை மலிவை நம்பலாம். இதற்காக ஒரு ஊரைத் தேர்ந்து எடுப்பதில் தவறு இல்லை.

இரண்டாவது வகை மலிவு

வசதி இல்லாததால் வரும் மலிவு, இரண்டாவது வகை. இதைச் சமாளிக்கலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துச் சமாளிக்க வேண்டும்.

முதலில் தண்ணீர்.

கடலோரத்தில் மண்ணுக்குக் கீழே இரண்டு தண்ணீர் இருக்கிறது. மேலே மழையால் வந்த நல்ல தண்ணீர். கீழே கடலில் இருந்து வந்த உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர் கனமானது. நல்ல தண்ணீர் லேசானது. அதனால் நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது.

இதில் ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி உயரம் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும். மேலே அந்த ஒரு அடி இறங்கிப் போனால் என்ன ஆகும்? நாளடைவில் கீழே இருக்கும் உப்புத் தண்ணீர் 40 அடி மேலே ஏறும்!

அதனால்தான் கடலோரத்தில் ஆழமாக போர் போட்டு மோட்டார் வைத்து இறைத்தால் கிணறு உப்பாகிறது. ஒருவர் அதிகமாக இறைத்தால் பக்கத்து வீட்டுக் கிணறும் கெடுகிறது. மணல் மேட்டில் தோண்டும் ஆழமில்லாத ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பதற்கும் இதுதான் காரணம்.

மனை பார்க்கப் போகிறவர்கள் தை மாதத்தில் தண்ணீரைக் குடித்துப் பார்த்து, "ஆகா! இளநீர் போல இருக்கிறது!" என்கிறார்கள். அப்போதுதான் மழைக்காலம் முடிந்திருக்கிறது. அதே கிணற்றுத் தண்ணீரைச் சித்திரை, வைகாசியில் குடித்துப் பார்க்க வேண்டும்.

நாக்கை மட்டும் நம்பவும் வேண்டாம். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். ஒரு லிட்டர் குடிநீரில் கரைந்திருக்கும் உப்பு முதலிய பொருள்கள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2 ஆயிரம் மில்லிகிராம் வரை ஏற்றுக்கொள்ளலாம் என்பது அரசாங்கத்தின் தர அளவு.

குழாய்த் தண்ணீர் வருகிறதா? எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது? இதைத் தரகரிடம் கேட்காதீர்கள். குழாயடியில் குடத்துடன் நிற்கும் பெண்களிடம் கேளுங்கள். உண்மை தெரிந்துவிடும்.

நள்ளிரவில் நெஞ்சு வலி வந்தால்?

அடுத்தது ஆஸ்பத்திரி.

60 வயதுக்கு மேல் குடியேறுகிறவர்களுக்கு இதை விட முக்கியமான கேள்வி இல்லை. பல்வலிக்கு டாக்டர் இருந்தால் போதாது. நள்ளிரவு 2 மணிக்கு நெஞ்சு வலி வந்தால் எங்கே போவது? அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும்?

சில வருடங்களாக இந்த விஷயத்தில் நிலைமை மாறி இருக்கிறது. 2022-ம் ஆண்டு ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் நாகப்பட்டினம், ராமநாதபுரம் போன்றவை கடலோர மாவட்டங்கள். தூத்துக்குடியில் 2000-ம் ஆண்டில் இருந்தே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாகர்கோவில் ஆசாரிபள்ளத்திலும் இருக்கிறது.

மனையில் இருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். பகலில் போனால் போதாது. இரவில் போய்ப் பார்க்க வேண்டும். வழியில் ரெயில்வே கேட் இருக்கிறதா? மழைக்காலத்தில் மூழ்கும் தரைப்பாலம் இருக்கிறதா? இவை எல்லாம் அப்போதுதான் தெரியும்.

மாநில எல்லையையும் மறக்கக் கூடாது. தரங்கம்பாடிக்குச் சிறிது தெற்கே போனால் காரைக்கால் வந்துவிடும். அது புதுச்சேரியைச் சேர்ந்தது. அங்கே குடியேறினால் ரேஷன் கார்டு மாறும், ஓட்டு மாறும். தமிழ்நாடு அரசாங்கத்தின் மருத்துவக் காப்பீட்டை நம்பி இருப்பவர்கள் அதற்கு முன்பு நன்றாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.

காற்றும் செலவு வைக்கும்

கடல் காற்று இலவசம் என்றுதானே நினைக்கிறோம்? அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு இரும்பைத் தின்னும்.

ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும். சைக்கிள் செயின், மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் சீக்கிரம் பழுதாகும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் உப்பு விடாது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் கான்கிரீட் வெடித்து உதிரும்.

கட்டிய வீட்டை வாங்குகிறவர்கள் சுவரில் அடித்திருக்கும் புதுச் சுண்ணாம்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. அண்ணாந்து மேல்தளத்தைப் பார்க்க வேண்டும். கம்பி போகும் வரிசையில் கீறல் தெரிந்தால், உள்ளே துரு இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது வகை மலிவு

ஆபத்தினால் வரும் மலிவு, மூன்றாவது வகை. இதை விட்டு விலகத்தான் வேண்டும். எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு தனுஷ்கோடியில் என்ன நடந்தது என்று தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். புயலும் கடல் பொங்கியதும் சேர்ந்து ஊரையே அழித்தன. ரெயிலும் பயணிகளோடு கடலில் போனது. மக்கள் குடியிருக்கத் தகுதி இல்லாத ஊர் என்று பிறகு அறிவித்துவிட்டார்கள்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி காலை சுனாமி வந்தது. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் சுமார் 8 ஆயிரம் பேர். அவர்களில் 6 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அப்போது தரங்கம்பாடியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை, வானத்தில் மேகம் இல்லை, மழை இல்லை. முன்கூட்டி எச்சரிக்கை சொல்ல அன்று ஏற்பாடும் இல்லை. இன்று ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. அது 2007-ம் ஆண்டு தொடங்கியது.

2011-ம் ஆண்டு டிசம்பரில் தானே புயல் கடலூரைத் தாக்கியது. 2017-ம் ஆண்டு ஒக்கி புயலில் கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் திரும்பவில்லை. 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரை கடந்தது. தலைமுறை தலைமுறையாக வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன.

"எங்கள் பக்கம் மழையே குறைவு, பயம் இல்லை" என்று சிலர் சொல்வார்கள். தூத்துக்குடி மாவட்டம் மழை குறைந்த மாவட்டம்தான். ஆனால் 2023-ம் ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாவட்டத்தில் ஒரு வருடம் முழுவதும் பெய்யும் மழையை விட இது அதிகம்! திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரெயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தார்கள்.

இதை எல்லாம் படித்துவிட்டுக் கடலைக் கண்டு பயப்பட வேண்டாம். லட்சக்கணக்கானவர்கள் அங்கேதான் பிறந்து வாழ்கிறார்கள். எந்த இடத்தில் வீடு கட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேடான இடம் எது? வெள்ளம் வந்தபோது தண்ணீர் எதுவரை நின்றது? புயல் பாதுகாப்பு மையம் எங்கே? இதை ஊரில் உள்ள பெரியவர்கள் கைகாட்டிச் சொல்வார்கள்.

கரை நகர்கிறது

கடற்கரை ஒரே இடத்தில் நிற்பது இல்லை.

தரங்கம்பாடியில் மாசிலாமணி நாதர் கோவில் இருக்கிறது. 1306-ம் ஆண்டு, குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. அந்தக் கோவிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டு போய்விட்டது. இப்போது கடலைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

1990-ம் ஆண்டில் இருந்து 2018-ம் ஆண்டு வரை நாடு முழுவதும் கரையை அளந்து பார்த்தார்கள். தமிழ்நாட்டுக் கரையில் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பங்கு அரிப்புக்கு உள்ளாகிறது என்று தெரியவந்தது.

ஏன் அரிக்கிறது? இதையும் எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

நம் கிழக்குக் கரையில் அலைகள் மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்தால், மணல் தெற்கில் இருந்து வடக்கு நோக்கிப் போகிறது. நடுவில் துறைமுகச் சுவர் ஒன்றைக் கடலுக்குள் நீட்டினால் என்ன ஆகும்? தெற்கே வரும் மணல் அங்கேயே தங்கிவிடும். வடக்கே உள்ள கரைக்கு மணல் வராது. ஆனால் அங்கே இருக்கிற மணலை அலை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும்.

சென்னையில் சுமார் 150 வருடத்துக்கு முன்பு துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. புதுச்சேரியிலும் துறைமுகம் கட்டிய பிறகு நகரத்துக் கடற்கரையில் மணல் போய்க் கல்தான் மிஞ்சியது. பல வருடங்களுக்குப் பிறகு, 2018-ம் ஆண்டு வாக்கில், செயற்கைத் திட்டு போட்டு மணலைத் திரும்பச் சேர்த்தார்கள்.

ஆகவே கிழக்குக் கரையில் மனை பார்க்கிறவர்கள் ஒரு பாடத்தை நினைவில் வைக்கலாம். துறைமுகத்துக்கோ, கடலுக்குள் நீட்டிய கல் சுவருக்கோ வடக்கே உடனடியாக இருக்கும் மனை என்றால் இரண்டு முறை யோசியுங்கள்!

காகிதத்தில் உள்ள ஆபத்து

அலையால் வரும் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். பத்திரத்தில் இருக்கும் ஆபத்து தெரியாது.

கடலுக்குப் பக்கத்தில் நினைத்தபடி வீடு கட்ட முடியாது. 1991-ம் ஆண்டில் இருந்து இதற்கு மத்திய அரசாங்கத்தின் கட்டுப்பாடு இருக்கிறது. 2019-ம் ஆண்டு அறிவிப்பு இன்னும் விவரமாகச் சொல்கிறது. கிராமப் பகுதிகளில், அலை உயரமாக வரும்போது தொடும் கோட்டில் இருந்து 200 மீட்டருக்குள் புதிய வீடு கட்டக் கூடாது. ஜன நெருக்கம் மிகுந்த கிராமப் பகுதியாக இருந்தால் இந்தத் தூரம் 50 மீட்டர். மீனவர் குடியிருப்புகள் போன்றவற்றுக்குத் தனி விதி உண்டு.

"கடலைப் பார்த்த மனை! ஜன்னலைத் திறந்தால் அலை!" என்று விளம்பரம் வருகிறது. மனையை விற்கலாம், வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

பட்டா யார் பேரில் இருக்கிறது? வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதா? கோவில் நிலமா? புறம்போக்கா? பஞ்சமி நிலமா? பஞ்சமி நிலம் என்பது ஆதிதிராவிட மக்களுக்கு ஆங்கிலேயர் காலத்தில் ஒதுக்கப்பட்டது. அதை மற்றவர்கள் வாங்கினால் செல்லாது. மனைப் பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். வீடு கட்ட அனுமதி, வங்கிக் கடன் எல்லாம் அதைப் பொறுத்தே இருக்கின்றன.

ஊர் காலியாக இல்லை

வெளியூரில் இருந்து வருகிறவர்களுக்குக் கடற்கரை வெறும் மணலாகத் தெரிகிறது. அது வெறும் மணல் அல்ல.

அங்கே படகை இழுத்து வைக்கிறார்கள். வலையை விரித்துக் கிழிசல் தைக்கிறார்கள். பெண்கள் மீனைக் காய வைக்கிறார்கள். விடியற்காலை 4 மணிக்குப் படகு எஞ்சின் சத்தம் கேட்கும். கருவாட்டு வாசனை வரும். அமைதியைத் தேடி வந்தவர், "என்ன நாற்றம்! என்ன சத்தம்!" என்று முகம் சுளிக்கக் கூடாது. அவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறவர்கள். வந்தவர்தான் புதியவர்.

இன்னொன்றும் இருக்கிறது. வெளியூர்ப் பணம் வந்தால் மனை விலை ஏறும். விற்கிறவருக்கு மகிழ்ச்சி. ஆனால் அதே ஊரில் ஒரு மீனவர் தன் மகனுக்குத் திருமணம் செய்து தனி வீடு கட்ட நினைத்தால், அந்த விலைக்கு அவரால் வாங்க முடியுமா? வருகிறவருக்கு மலிவாக இருப்பது, இருக்கிறவருக்கு எட்டாத விலை ஆகிவிடக் கூடாது.

ஊரோடு பழகி வாழ நினைக்கிறவர்களை ஊரும் கைவிடாது. வெள்ளம் வந்தால் முதலில் வந்து கை கொடுக்கிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான்.

நாளைக்கும் அமைதி இருக்குமா?

இன்று அமைதியான ஊர் என்றும் அமைதியாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

குலசேகரப்பட்டினம் என்றால் முன்பு தசரா விழாவின் நினைவுதான் வரும். 2024-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி அங்கே ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2025-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி ராமேசுவரத்துக்குப் புதிய பாம்பன் ரெயில் பாலம் திறக்கப்பட்டது. அதே நாளில் கடலூர் அருகே பூண்டியாங்குப்பத்தில் இருந்து சீர்காழி அருகே சட்டநாதபுரம் வரை நான்கு வழிச் சாலையும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

சாலை வந்தால் ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போகலாம். பிள்ளைகள் பார்க்க வருவதும் எளிது. கூடவே வண்டியும் வரும், ஓட்டலும் வரும், வரி, வாடகையும் ஏறும். அமைதி வேண்டும் என்கிறவர்கள் ஊரின் இன்றைய நிலையை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் என்ன வரப்போகிறது என்றும் விசாரிக்க வேண்டும்.

20 லட்சத்துக்கு ஒரு கணக்கு

மறுபடியும் நம் தம்பதியிடம் வருவோம்.

மனை 8 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023-ம் ஆண்டு ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4 சதவிகிதத்தில் இருந்து 2 சதவிகிதமாகக் குறைந்தது. முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம். ஆக 100 ரூபாய்க்கு 9 ரூபாய். 8 லட்சத்துக்கு 72 ஆயிரம் ரூபாய்.

சிறிய வீடு கட்ட 10 லட்சம் என்று வைத்தால், கையில் மிஞ்சுவது 1 லட்சத்து 28 ஆயிரம். ஒரு பெரிய ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அதுவும் போய்விடும். ஊர் பிடிக்கவில்லை என்றால் வீட்டை விற்க வேண்டும். வாங்குகிறவர்கள் குறைவாக இருப்பதால்தானே ஊர் மலிவாக இருந்தது? விற்கப் போனாலும் அதே நிலைமைதான்! வாங்கும்போது கிடைத்த மலிவு, விற்கும்போது நஷ்டமாக வந்து நிற்கும்.

இப்போது வேறு விதமாகப் பார்ப்போம். 20 லட்சத்தை வங்கியில் போட்டு 100 ரூபாய்க்கு ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டி வந்தால், வருடத்துக்கு 1 லட்சத்து 40 ஆயிரம். மாதத்துக்கு 11 ஆயிரத்து 666 ரூபாய். சிறிய ஊரில் ஒரு வீட்டு வாடகை அதற்குள் அடங்கினால், முதலும் அப்படியே இருக்கும். பிடிக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம்.

மழையில் ஒரு பரீட்சை

ஆகவே முதல் ஒரு வருடம் வாடகைக்கு இருப்பதுதான் புத்திசாலித்தனம். அந்த வருடத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் கட்டாயம் வர வேண்டும். கிழக்குக் கரைக்கு அதுதான் மழையும் புயலும் வரும் காலம். குளச்சல் போன்ற மேற்குக் கரை ஊர் என்றால் ஆனி, ஆடியிலும் இருந்து பார்க்க வேண்டும். அங்கே அப்போதுதான் கடல் சீறும். தண்ணீருக்குச் சித்திரை, வைகாசி.

தை மாதத்துக் கடற்கரை எல்லோரையும் மயக்கும். கார்த்திகை மாதத்தில் நாலு நாள் மின்சாரம் இல்லாமல், வாசலில் தண்ணீர் நிற்கும்போதும் "இந்த ஊரே போதும்" என்று தோன்றினால், அதுதான் உங்கள் ஊர்.

"அப்படியானால் வீடே வாங்க வேண்டாம் என்கிறாயா?" என்று கேட்கிறார் கணவர்.

"வாங்கலாங்க. ஒரு மழைக்காலம் போகட்டும். கடலுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி, மேடான தெருவாகப் பார்த்து வாடகைக்கு இருப்போம். சாயங்காலம் நடந்து போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரலாம். வீட்டுக்குள் வந்துதான் அது நம்மைப் பார்க்க வேண்டும் என்பது இல்லையே!" என்கிறார் மனைவி.

கணவர் சிரிக்கிறார். தரகருக்குக் கொடுக்க எடுத்த முன்பணம் திரும்பவும் பைக்குள் போகிறது.